மச்சான் பக்கம் தள்ளிய ஏழு டிராகன்கள்

தோற்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை வேண்டுமென்றே தோற்றுப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில், குழாய்க் கட்டுகளுக்கும் பெயின்ட் டின்களுக்கும் நடுவில் இருந்துகொண்டு, என் மச்சானிடம் தோற்பதற்கு என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். முடியவில்லை. பதினொரு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவன் நான். பரீட்சையில் பூச்சியம் எடுத்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, "எப்படிடா ஒண்ணுமே இல்லாம எடுத்த?" என்று கேட்டு அழ வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எங்கிருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும். அதற்கும் ஒரு திறமை வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மச்சான் என்றது இல்ஹாமை. என் மனைவி ரிஸ்னாவின் அண்ணன் (அவளுக்கு 'நானா'), எனக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரன். துபாயில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது, வீட்டார் அத்தரையும் கம்பளிப் போர்வையையும் எதிர்பார்த்துச் சுற்றி நின்றார்கள். பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டாயிரத்துச் சொச்சம் காட், படம் போட்ட ஆட்டச் சீட்டுகள். டிராகன், பூதம், எலி, வாள் பிடித்த தவளை. என் மாமியார் ஒரு தவளையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்காகவா மனெ ஆறு வருசம் வெயில்ல கிடந்த?"

"வெயில்ல இல்ல உம்மா, ஏசிக்குள்ள."

மாமனார் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். அவருடைய கவலை வேறு.

"கடுதாசி விளையாடுறீங்களாமே?" என்று, சூதாட்டச் சீட்டை நினைத்து, மகனிடம் கேட்டார்.

"இது கடுதாசி இல்ல வாப்பா. பந்தயம் ஒண்ணும் கட்டுறல்ல."

"அப்ப ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"ஒண்ணும் கிடைக்காததுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஹராம் என்று ஏசியிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

விளையாடுகிறவர்கள் நாலு பேர். நான், இல்ஹாம், அந்த ஹார்ட்வெயார் கடைக்காரன் நௌபர், காரைதீவிலிருந்து சைக்கிளில் வருகிற கஜன். கஜனுக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது; உலகத்தில் எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடை பூட்டியிருக்கும் நேரம்தான் எங்கள் நேரம். முதலில் சாப்பாடு. ரிஸ்னா கட்டிக் கொடுத்த சோற்றையும் இறைச்சியையும் ஒரு சஹனில், அதாவது எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிடுகிற ஒரே பெரிய தட்டில், கொட்டிக்கொண்டு உட்காருவோம்.

சஹனுக்கு ஒரு மரியாதை உண்டு. தன் பக்கத்துச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். நடுவில் கிடக்கும் நல்ல இறைச்சித் துண்டைத் தனக்கென்று எடுக்கக் கூடாது. விரலால் மெல்ல அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அவர் மறுத்து இந்தப் பக்கம் தள்ளுவார். நீங்கள் திரும்பவும் தள்ள வேண்டும். விருந்தாளி ஒருவர் இருந்தால் எல்லோருமாகச் சேர்ந்து அவர் பக்கம் தள்ளி, மனிதனை இறைச்சிக்குள் புதைத்துவிடுவோம். ஆரம்பத்தில் கஜன் இதைப் பார்த்துப் பயந்தான். இப்போது எங்களைவிட வேகமாகத் தள்ளுவான்.

கை கழுவிவிட்டு வந்தால் ட்ராஃப்ட். அங்கே சட்டம் நேரெதிர். ஆளுக்கு மூன்று பெக்கட். ஒரு பெக்கட்டைப் பிரித்தால் பதினைந்து காட். உங்களுக்கு வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். வலப்பக்கத்து ஆள் தள்ளியது உங்களிடம் வரும். அதிலும் ஒன்று எடுக்கலாம். காட் தீரும்வரை இப்படியே சுற்றும். இரண்டாவது பெக்கட் எதிர்த் திசையில் போகும், மூன்றாவது பழையபடி. நல்லதைத் தனக்கு எடுத்துக்கொண்டு கெட்டதை அடுத்தவனுக்குத் தள்ளுவதுதான் ஆட்டமே. பிறகு எடுத்தவற்றில் முப்பதைத் தெரிந்தெடுத்து டெக் (ஆட்டத்துக்கான கட்டு) கட்டி, ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரோடும் மோத வேண்டும்.

டெக்கைக் கலைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேலிருந்து உருவ உருவத்தான் காட் கைக்கு வரும்; எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு காட்டின் மூலையிலும் ஒரு எண் இருக்கும். அதை மேசையில் இறக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்ற கணக்கு அது. முதல் சுற்றில் உங்களிடம் ஒரு சக்தி, இரண்டாவதில் இரண்டு, இப்படியே கூடிக்கொண்டு போகும். எலிக்கு ஒன்று போதும். டிராகனுக்கு ஏழு. ஆகவே எவ்வளவு பெரிய டிராகன் என்றாலும் ஏழாவது சுற்றுவரை அது கையில் கிடக்கிற ஒரு அழகான படம்.

இல்ஹாம் எடுப்பதெல்லாம் எலி. நாங்கள் டிராகனைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது, யாருக்கும் வேண்டாத ஒன்று, இரண்டு சக்திக் காட்களைப் பொறுக்கிக்கொண்டு இருப்பான். முதல் சுற்றிலேயே ஒரு எலி இறங்கும். அடுத்ததில் இன்னொன்று. இறங்கியதெல்லாம் சுற்றுக்குச் சுற்று என் 'உயிர்' என்ற புள்ளிக் கணக்கைக் கடித்துக் குறைக்கும்; அது தீர்ந்தால் தோல்வி. ஆறாவது சுற்றில் என் உயிர் முடிந்திருக்கும், கையில் நாலு டிராகன் இருக்கும்.

"சேர், உங்கட டிராகன் எந்த பஸ்ஸில வருது?" என்று கேட்பான் (வாத்தியாரானதால் நான் அவனுக்கு 'சேர்'). "வந்து இறங்கக்குள்ள ஊரில ஆள் இரிக்கணுமே?"

ஒன்றரை வருடம் இப்படி எங்களை அடித்தான். பிறகு அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிப் போயின.

வாரத்துக்கு மூன்று நாள் டயலிசிஸ். குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். இறைச்சி இரண்டு துண்டுக்கு மேல் கூடாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் படியேறி வருவான். முன்பு போல நினைவு நிற்கவில்லை. எந்த எலி எங்கே என்று பாதியில் மறந்துவிடுவான். தோற்க ஆரம்பித்தான். ஒன்பது வெள்ளி தொடர்ந்து தோற்றான். நாங்களும் வழமை போலவே நடந்துகொண்டோம்.

"என்னடா, உன்ட எலியெல்லாம் பூனை புடிச்சிட்டா?" என்பான் நௌபர்.

இல்ஹாம் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் துக்கம் என்று வாசித்தேன். (கணித வாத்தியார் முகம் வாசிக்கப் போனால் இப்படித்தான்.)

கொழும்பில் சிறுநீரகம் மாற்றி வைக்க ஏற்பாடானது. அவனுடைய மனைவியே தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவனைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாட்டில் சேர்க்க வேண்டும். அதற்கு முந்திய வியாழன், ரிஸ்னா வெங்காயம் வெட்டிக்கொண்டு இருந்தாள். கண்ணீர் எதனால் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நாளைக்கு நானாவ ஜெயிக்க உடுங்களன்."

"அப்பிடியெல்லாம் உட ஏலா. அது ஆட்டம்."

"பெயிலாகிற புள்ளையளுக்கு ரெண்டு மார்க்ஸ் போட்டுக் குடுக்கிறல்லயா நீங்க?"

"அது வேற விசயம்."

"ஒரு வெள்ளிக்கிழமையாவது சந்தோசமா வீட்ட வரட்டும். அங்க போய்…" அவள் முடிக்கவில்லை. வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டாள்.

நான் கணக்கு எழுதும் கொப்பியை எடுத்தேன். திட்டம் இதுதான். நான் இல்ஹாமின் வலப்பக்கம், நௌபர் இடப்பக்கம். பெக்கட் எந்தத் திசையில் சுற்றினாலும் எங்கள் ஒருவரின் கையைத் தாண்டித்தான் அவனிடம் போகும். வருகிற டிராகனையெல்லாம் தொடாமல் அவன் பக்கம் தள்ளுவது. ஆனால் அவன் எலிப் பைத்தியம்; எலியைக் கண்டால் டிராகனை விட்டுவிடுவான். ஆகவே எலிகளையெல்லாம் நாங்கள் முந்தி எடுத்துவிடுவது. கொப்பியில் கூட்டிப் பார்த்தேன். அவனுடைய டெக்கின் மொத்தப் பலம் எங்களுடையதைப் போல மூன்று மடங்கு வந்தது. இரண்டு முறை கோடிட்டேன். போனில் சொன்னதும் நௌபர், "நீ பெரிய மூளைக்காரன்டா" என்றான். கஜன் மட்டும், "சபீக், கூட்டினது சரி. ஆனா ஏழாவது சுற்று வரைக்கும் அவன் என்ன செய்வான்?" என்று கேட்டான்.

"அதெல்லாம் வரும்," என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் சஹன். மூன்று பேருமாகச் சேர்ந்து நல்ல துண்டையெல்லாம் இல்ஹாம் பக்கம் தள்ளினோம். அவன் பக்கத்தில் இறைச்சி மலையாகக் குவிந்து கிடந்தது. அவன் அளவாக இரண்டு துண்டு சாப்பிட்டான். மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். படம் வரைந்து காட்டினாற்போல, நடக்கப்போவது என் கண் முன்னாலேயே கிடந்தது. எனக்கு உறைக்கவில்லை. எழும்பிப் போய்க் கை கழுவினேன்.

ட்ராஃப்ட் தொடங்கியது. தான் பிரித்த முதல் பெக்கட்டில் இல்ஹாம் ஒரு எலியை எடுத்தான். பிறகு நான் தள்ளியது போனது. பார்த்தான். ஒரு டிராகன், ஒரு மலைப்பூதம், ஒரு கடல் யானை. புருவத்தை உயர்த்தினான்.

"இன்டைக்கு என்ன, பெரியாக்கள் எல்லாம் வந்திரிக்காங்க?"

"அதிஷ்டம்டா," என்றான் நௌபர், அவசரமாக.

இரண்டாவது பெக்கட் நௌபர் பக்கத்திலிருந்து போனது. அதிலும் டிராகன். மூன்றாவதிலும். அவன் டெக் கட்டி முடித்தபோது முப்பது காட்டில் பத்தொன்பது, ஆறு சக்தியும் அதற்கு மேலும். டிராகன் மட்டும் ஏழு. எங்கள் மூன்று பேரிடமும் ஊரில் உள்ள அத்தனை எலியும்.

முதலில் கஜனோடு ஆட்டம். கஜன் எலியை இறக்கினான். இல்ஹாமிடம் இறக்க ஒன்றும் இல்லை; "உன்ட முறை" என்றான். கஜன் இன்னொரு எலியை இறக்கினான். இல்ஹாம், "உன்ட முறை." ஐந்து சுற்றும் இப்படியே போயிற்று. கையில் ஐந்து டிராகனைப் பிடித்தபடி ஆறாவது சுற்றில் செத்தான். கஜன் வேர்த்துப்போய் என்னைப் பார்த்தான். நான் முகட்டைப் பார்த்தேன்.

அடுத்தது நௌபர். அவன் தோற்றே தீருவது என்ற உறுதியோடுதான் இருந்தான். ஆனால் அவசரத்தில் காட்டில் எழுதியிருப்பதை வாசிக்காமல் எடுத்திருக்கிறான். 'இந்த எலி ஒவ்வொரு சுற்றிலும் தாக்கியே ஆக வேண்டும்' என்று அதில் இருந்தது. அப்படி மூன்று எலி. அவன் தடுக்கத் தடுக்க அவை இல்ஹாமைக் கடித்துத் தின்றன. சட்டத்தை மீறினால் மாட்டிக்கொள்வான். "மன்னிச்சிக்க மச்சான்," என்று சொல்லிச் சொல்லி அடித்தான். அடிக்கும்போது மன்னிப்புக் கேட்கிற நௌபரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

கடைசி ஆட்டம் என்னோடு. எல்லாம் என் கையில். நான் கண்ட வழி ஒன்றுதான்: அடிக்காமல் இருப்பது. எலிகளை இறக்கிவிட்டு, ஏழாவது சுற்று வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. நாலாவது சுற்றில், "முடிஞ்சிது, உன்ட முறை," என்றேன். ஐந்தாவதிலும் சொன்னேன்.

இல்ஹாம் காட்களைக் கவிழ்த்து வைத்தான்.

"ஏன் அடிக்கல்ல?"

"யோசிக்கிறன்."

"மேசையில உனக்கு நாலு எலி. எனக்கிட்ட ஒண்ணும் இல்ல. இதில என்னத்த யோசிக்கிற?"

"ஒரு திட்டம் இரிக்கி…"

கையை நீட்டி என் காட்களைப் பிடுங்கித் திருப்பினான். எலி, எலி, தவளை, எலி. எழும்பிப் போய் நௌபரின் டெக்கைத் திருப்பினான். எலி. கஜன், பொலிஸ் வந்தாற்போல, கேட்காமலே தன்னுடையதைத் திருப்பிக் காட்டினான்.

"ஆர்ர வேலை இது?"

நௌபர், எனக்காக உயிரையும் தருவேன் என்று என் கலியாணத்தில் சொன்ன நௌபர், ஒரு விரலால் என்னைக் காட்டினான்.

"என்ன சேர்," என்றான் இல்ஹாம். "சக்காத்தா?"

சக்காத்து என்பது இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுத்தாக வேண்டிய தர்மம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பொறு. நான் கதைக்கிறன். வீட்ட ஒரு வாளி தண்ணி தூக்க உடுறாங்க இல்ல. பள்ளிக்குத் தொழப் போனா எனக்கு முந்தியே இரிக்கக் கதிர போட்டு வெச்சிரிக்கி. முடி வெட்டப் போனா வரிசையில நிண்டவன் எழும்பி இடம் தாறான். பொஞ்சாதி தன்ட உடம்ப வெட்டி ஒரு துண்டு தரப் போறா. அதை வாங்கவே எனக்கு முகம் இல்ல. இஞ்ச வந்தா மட்டும்தான்டா நீங்க மூணு பேரும் என்னைப் போட்டு அடிப்பீங்க. ஒம்பது வெள்ளி தோத்துட்டுப் போய் நிம்மதியாப் படுத்தவன் நான். அதையும் இல்லாம ஆக்கிட்டீங்க."

ஏழு டிராகன்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி என் முன்னால் வைத்துவிட்டு இறங்கினான். படியின் நடுவில் நின்று மூச்சு வாங்குவது மேலே கேட்டது. உதவிக்குப் போகவும் எங்களுக்குப் பயம், போகாமல் இருக்கவும் பயம். மூன்று ஆண்பிள்ளைகள் குழாய்க் கட்டுக்குள் அசையாமல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போனது.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தபோது எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு ஏறினான். எனக்கும் சொன்னான், கூட்டத்தோடு கூட்டமாக. ரிஸ்னா என்னைப் பார்த்த பார்வையில், திட்டம் அவளுடையது என்பதற்கான எந்த அடையாளமும் இல்லை.

வியாழக்கிழமை போனில் அவனுடைய குரல் வந்தது. "சக்காத்து சேர், சனிக்கிழமை பார்க்க வாறயா? டெக் கொண்டு வா. ஒழுங்கான டெக். இரக்கப்பட்டுக் கட்டினா திருப்பி அனுப்பிப் போடுவன்."

இரண்டு நாள் இருந்து கட்டினேன். வீட்டில் கிடந்த எல்லாக் காட்டையும் தரையில் பரப்பி, ஒரு சக்தியில் எட்டு, இரண்டில் எட்டு, மூன்றில் ஆறு, நாலு சக்திக் கரடி நாலு, பிறகு மேலே கொஞ்சம் என்று, அவனிடம் அடி வாங்கிப் படித்த பாடம் அத்தனையையும் அதில் போட்டேன். என் வாழ்நாளில் நான் கட்டிய ஒரே நல்ல டெக் அது. அவனைத் தோற்கடிப்பது என்ற ஒரே எண்ணத்தோடு கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

பார்வையாளர் நேரம் ஒரு மணித்தியாலம். கட்டிலில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையை இழுத்துப் போட்டான். மெலிந்திருந்தான். கை மட்டும் பழையபடி வேகமாகக் காட் கலைத்தது.

நான் இரக்கமே இல்லாமல் அடித்தேன். முதல் சுற்றிலிருந்து அடித்தேன். பக்கத்துக் கட்டில் ஐயா, "நோயாளியோட இப்படியா தம்பி?" என்று கேட்டார். இல்ஹாமின் முகம் மலர்ந்துபோய் இருந்தது. அவனுக்கு உயிர் மூன்று மிச்சம். ஒரு கரடி வந்தால் முடிந்தது. நாலு கரடியில் ஒன்று வந்தால் போதும். ஒன்றுகூட வரவில்லை. அடுத்த சுற்றிலும் வரவில்லை. அதற்கடுத்த சுற்றில் அவனுடைய எலிகள் என்னை முடித்துவிட்டன.

அவன் எலியின்மேல் விரலை வைத்தபடி என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

"கரடிய ஏன் இறக்கல்ல?"

"வரல்லடா."

"நாலு போட்டிரிக்கன் எண்டு சொன்னயே?"

"போட்டனான். கைக்கு வரல்ல."

"ஒண்டுமா?"

"அல்லாஹ் மேல ஆணையா ஒண்டும் வரல்ல."

மிச்ச டெக்கைத் திருப்பிக் காட்டலாம் என்று கை போனது. அவன் தடுத்தான். "வேணாம் வை." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு, "சரி," என்றான். சிரித்தான். மணி அடித்தது. என்னை எழும்பச் சொன்னார்கள்.

ஒப்பரேசனுக்கு நாலு நாள் இருக்கும்போது அவனுடைய இதயம் நின்றுவிட்டது. ஊருக்குக் கொண்டுவந்து அடக்கினோம். மையவாடியில் மண் போடும்போது நௌபரும் கஜனும் நானும் வரிசையாக நின்றோம். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பட்டப்பெயரை அவன் கொழும்பு போகும் வேனிலேயே குடும்பம் முழுக்கப் பரப்பிவிட்டுத்தான் போயிருக்கிறான். நான் கரம்போட் ஆட்டத்தில் தோற்றால், "சக்காத்து!" என்று சத்தம் வரும். ஆசிரியர்களின் கிரிக்கெட் மெட்சில் நான் பூச்சியத்துக்கு அவுட்டாகி வந்தபோது, கஜன் யாரிடமோ சொல்லி வைத்து, மைதானம் முழுக்க அந்தப் பெயர் கேட்டது. என் ஏழு வயது மகள் ஓட்டத்தில் என்னை முந்திவிட்டு நின்று, திரும்பி, "வாப்பா, சக்காத்தா?" என்று சந்தேகத்தோடு கேட்கிறாள். சத்தியமாக நான் மெதுவாக ஓடுகிறவன். எங்கள் வீட்டில் நான் தோற்றேன் என்று சொன்னால் யாருமே நம்புவதில்லை.

சில வெள்ளிக்கிழமைகளில் சோறு போடும்போது ரிஸ்னா கேட்பாள்.

"அண்டைக்கு வாட்டில நானா உண்மையாவே ஜெயிச்சவரா?"

"ஓம்."

"எனக்காகச் சொல்ல வேணாம்."

"உனக்காக இல்ல. கரடி வரல்ல."

அவள் கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பாள். பிறகு, "சரி," என்பாள். நம்பிச் சொல்கிறாளா, நம்பாமல் சொல்கிறாளா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் அந்தச் சொல்லில் ஒரே குரல்.